எழும்பூரிலிருந்து கோஷா ஆஸ்பத்திரி வரை: எங்கள் ஞாயிறு நடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. பிறகு பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம், கடைசியாகக் கோஷா ஆஸ்பத்திரி. இந்த ஊரில் பெண்களுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள், பெண்கள் எப்படி டாக்டர் ஆனார்கள், யாருடைய உடம்பை யார் தொடலாம் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் சில ஒவ்வொரு மாதமும் வருகின்றன. சாலை இரைச்சலில் பாதி பதில் காதில் விழுவதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் எழும்பூரில் தொடங்குகிறீர்கள்?

சென்னையில் எத்தனையோ பேருடைய கதை அங்கேதான் தொடங்குகிறது. "நீ எங்க பொறந்தே?" என்று கேட்டால் வடசென்னைக்காரர் "ஆர்.எஸ்.ஆர்.எம்." என்பார், திருவல்லிக்கேணிக்காரர் "கோஷா" என்பார். மற்றவர்களில் பலர் "எழும்பூர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஊர்ப்பெயரே ஆஸ்பத்திரிப் பெயராகிவிட்டது.

1844ல் கூவம் ஓரத்தில் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1880களில் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதன் பொறுப்பு ஓர் இந்தியர் கைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டு ஆனது. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்தான் முதல் இந்தியக் கண்காணிப்பாளர். காலை ஆறரை மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். வயர் கூடையில் பிளாஸ்க், வெந்நீர்ச் சொம்பு, பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்த துணிகள் என்று ஒரு மாமியாரோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார். அந்தத் துணி மடிப்பு மட்டும் 1844லிருந்து மாறியிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் பிரசவம் யார் பார்த்தார்கள்?

மருத்துவச்சிகள். பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கே மருத்துவர், பண்டிதர், பரியாரி என்று பெயர்கள் உண்டு. ஆண் முடி திருத்தினான், கட்டி கீறினான், பச்சிலை கட்டினான். பெண் பிரசவம் பார்த்தாள், தொப்புள்கொடி அறுத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள்.

சொல்லைக் கவனியுங்கள். மருத்துவர் என்பதற்குப் பெண்பால் மருத்துவச்சிதான். ஆனால் இன்று எம்.பி.பி.எஸ். படித்த பெண்ணை யாரும் மருத்துவச்சி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கோபம் வரும். "லேடி டாக்டர்" என்கிறோம். ஆண்பால் சொல் மேலே ஏறிப் பட்டமாகிவிட்டது, பெண்பால் சொல் கீழேயே நின்றுவிட்டது. சாதியும் பாலும் சேர்ந்து ஒரு சொல்லை எப்படி அமுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1854 முதலே எழும்பூர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. பொது மருத்துவமனையில் 1871ல் செவிலியர் பயிற்சி வந்தது. 1926ல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. பதிவு என்று ஒன்று வந்ததும், ஏட்டில் இல்லாதவள் "நாட்டு மருத்துவச்சி" ஆனாள். காய்ச்சல் கண்ட தாய்மார்கள் செத்ததற்கு அவர்களுடைய சுத்தமில்லாத கையைக் காட்டினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எழும்பூர் ஆஸ்பத்திரி தொடங்கிய காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர்கள் கை கழுவாமல் அதே காய்ச்சலை வார்டு வார்டாகப் பரப்பினார்கள். அந்த டாக்டர்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. நம் பாட்டிகளின் பாட்டிகளுக்குப் பிரசவம் பார்த்தவர்களின் பெயர்கள் இல்லை.

முத்துலட்சுமி ரெட்டிதானே சென்னையில் மருத்துவம் படித்த முதல் பெண்?

இல்லை. அவருடைய பெருமைக்கு அந்த "முதல்" தேவையும் இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், இங்கே வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. 1878ல் தேறினார். பிறகு லண்டன் போய் 1882ல் பட்டம் வாங்கி, மறு ஆண்டே சென்னை திரும்பினார். 1878ல் கிருபாபாய் சத்தியநாதன் சேர்ந்தார்; ஒரு வருடம் நன்றாகப் படித்து, உடல் நலிந்து நிறுத்தினார். பிற்காலத்தில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர் அவர்தான். 1882ல் அபலா தாஸ் வங்காளத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. அவரும் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். பிறகு ஜகதீஷ் சந்திர போஸை மணந்தார். முத்துலட்சுமி சேர்ந்தது 1907ல், தேறியது 1912ல்.

1870ல் எடின்பரோவில் மருத்துவம் படிக்க வந்த பெண்களைத் தேர்வு அறைக்குள் போகவிடாமல் கும்பல் மறித்து, சேற்றை வாரி இறைத்தது. ஐந்தே வருடத்தில் சென்னை கதவைத் திறந்தது. இதைச் சொன்னதும் நடையில் எல்லோர் முகத்திலும் ஒரு பெருமிதம் வரும். வரட்டும். ஆனால் கதவு திறந்த காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "பெண்ணும் ஆணும் சமம்" என்று யாரும் அன்று நினைக்கவில்லை. இங்கே பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள், ஆகவே பெண் டாக்டர் வேண்டும் என்பதுதான் வாதம். மறைப்புதான் கதவைத் திறந்தது.

கோஷா என்றால் என்ன? இன்னும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

கோஷா என்றால் பர்தா, திரைக்குப் பின்னால் இருக்கும் வழக்கம். ஷார்லீப் முன்னின்று 1885ல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு விக்டோரியா மகாராணியின் பெயரும், கூடவே "சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை" என்ற விளக்கமும் வைத்தார்கள். வெங்கடகிரி ராஜா பெருந்தொகை கொடுத்தார். பிறகு சேப்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. 1921ல் அரசு எடுத்துக்கொண்டது. இப்போது கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் ஆட்டோக்காரரிடம் "கஸ்தூரிபா" என்றால் ஒரு கணம் யோசிப்பார், "கோஷா" என்றால் மீட்டர் போடுவார்.

அந்தப் பழைய பெயரை இரண்டு முறை படியுங்கள். "கோஷா" முஸ்லிம் பெண்களுக்கு, "சாதி" இந்துச் சாதிப் பெண்களுக்கு. சாதி இந்து என்று எண்ணப்படாத பெண் அந்தப் பலகையில் எங்கே இருக்கிறாள்? திரையும் ஒரு சொத்துதான். வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் வேலை செய்த பெண்ணுக்குத் திரை போட யாரும் வரவில்லை.

இதனால் ஷார்லீப் செய்தது சிறியதாகிவிடாது. வீட்டுக்குள் கிடந்து செத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பிழைத்தார்கள். வடக்கே ராயபுரம் பக்கம் 1888ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மடில்டா மக்ஃபெயில் தொடங்கிய வேலைதான் இன்றைய ரெயினி ஆஸ்பத்திரி. இரண்டுமே கும்பிடத்தக்க உழைப்பு.

"லாக் ஆஸ்பத்திரி" என்று ஒன்று சொன்னீர்களே, அது எங்கே இருந்தது? ஏன் யாரும் பேசுவதில்லை?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். கட்டடம் எதுவும் காட்ட முடியாது என்பதால் ரயிலில் போகும்போது இதைப் பேசுவேன்.

1805 முதலே சென்னை மாகாணத்தில் லாக் ஆஸ்பத்திரிகள் இருந்தன. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பரவியது. படையில் பாதி பேர் படுத்துவிட்டால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே சிப்பாய்களிடம் போன பெண்களைப் பிடித்து அடைத்து, குணமாகும் வரை வைத்திருந்தார்கள். 1830களில் மூடினார்கள். பிறகு தொற்றுநோய்ச் சட்டம் 1868ல் வந்தது. பாலியல் தொழில் செய்பவள் என்று காவல்துறை எழுதிவிட்டால் அவள் பதிவு செய்து சீட்டு வாங்க வேண்டும், குறித்த நாளில் வந்து பரிசோதனைக்குப் படுக்க வேண்டும், நோய் கண்டால் அடைக்கப்பட வேண்டும். வராவிட்டால் தண்டனை. மருந்து என்று கொடுத்தது பாதரசம். அவளிடம் வந்த ஆணுக்குப் பதிவும் இல்லை, சீட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் போன்றவர்கள் போராடி அங்கே அந்தச் சட்டம் 1886ல் போனது. இங்கே 1888ல்தான் போனது.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1868லிருந்து 1888 வரை லாக் ஆஸ்பத்திரிச் சட்டம். 1875ல் கல்லூரிக் கதவு திறப்பு. 1885ல் கோஷா ஆஸ்பத்திரி. ஒரே அரசாங்கம், ஒரே இருபது வருடம். ஒரு பெண்ணை ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்பதற்காகத் தனி ஆஸ்பத்திரி கட்டினார்கள். இன்னொரு பெண்ணை ஆண் டாக்டர் பார்த்தே தீர வேண்டும் என்பதற்காகப் போலீஸை அனுப்பினார்கள். முதலாமவளுக்கு வெட்கம் உண்டு என்று நம்பினார்கள், இரண்டாமவளுக்கு அது கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேரிடமும் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவில்லை. கோஷா ஆஸ்பத்திரிக்கு நூற்றாண்டு மலர் போடலாம். லாக் ஆஸ்பத்திரிக்கு யார் போடுவார்கள்? அதனால்தான் பேச்சில்லை.

முத்துலட்சுமி ரெட்டி பணம் என்கிறார்களே, அது இவர் பெயரில்தானா?

ஆமாம். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கி, அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விசாரித்து, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட ரூ.18,000 வரும் மகப்பேறு உதவித் திட்டம் இவர் பெயரில்தான். "முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?" என்று கேட்கும் பெண்களில் பலருக்கு முத்துலட்சுமி யார் என்று தெரியாது. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை; படிவத்தில் பெயர் மட்டும்தானே இருக்கிறது.

1886ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது, மன்னர் அனுமதித்தார். டாக்டரான பிறகு சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவருமானார். தேவதாசி முறைக்கு எதிராக 1929ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை முழுவதும் தடை செய்யும் சட்டம் 1947 அக்டோபரில்தான் நிறைவேறியது. 1930ல் தேவதாசி குடும்பத்துச் சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது எந்த விடுதியும் சேர்க்க மறுத்ததால் பிறந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போராட்டத்தில் நோய், சுத்தம் என்ற மருத்துவ மொழி நிறையப் புழங்கியது. சென்னையில் தேவதாசிகள் சங்கமாகச் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுத்து எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையைச் சட்டமாக்காதீர்கள் என்பதே அவர்கள் பக்கம். நான் முத்துலட்சுமியின் பக்கம்தான், பொட்டுக்கட்டு ஒழிந்தது நல்லது. ஆனாலும் அந்த மனுவை எழுதியவர்களின் குரலை வரலாற்றிலிருந்து தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் தொடங்கியதா?

அவர்தான். 1923ல் தங்கை புற்றுநோயில் இறந்தார். 1935ல், மருத்துவக் கல்லூரி நூற்றாண்டின்போது, புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். அடிக்கல் 1952ல் நேரு நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு திறந்தார்கள். மறு ஆண்டு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

என் பாட்டிக்கு மார்பில் கட்டி வந்தபோது எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கைக்குள் துணி வைத்து மறைத்துக்கொண்டு மாவாட்டினாள், கோலம் போட்டாள். அடையாறுக்குக் கூட்டிப் போனபோது தள்ளிப்போயிருந்தது. "ஏம்மா சொல்லல?" என்று அம்மா அழுதபோது, "யார்கிட்டடி அவுத்துக் காட்டுறது?" என்றாள். அங்கே பார்த்தது பெண் டாக்டர்தான். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை. இந்த நடையைத் தொடங்கியதும் அதனால்தான்.

டாக்டர் தருமாம்பாள் யார்? தரமணியில் பாலிடெக்னிக் இருக்கிறதே.

அவர் பெயர்தான். சென்னையில் சித்த மருத்துவம் பார்த்தவர். 1938 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றவர். அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" என்ற பட்டம் கொடுத்தார்கள். முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். மருத்துவ வரலாறு என்றாலே ஆங்கில மருத்துவம் என்று நினைத்துவிடுகிறோம், அதனால் இவர் விடுபட்டுப்போகிறார்.

குடும்பக் கட்டுப்பாடு ஏன் பெண்களுக்கே?

1930 வாக்கில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதும்போது ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். மற்றவர்கள் உடல்நலத்துக்கும் குடும்பச் சொத்துக்கும் நாட்டுப் பொருளாதாரத்துக்கும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்கிறோம் என்றார். அரசாங்கம் எடுத்துக்கொண்டது முதல் காரணத்தைத்தான். 1950களில் சென்னை மாநிலம் ஆண்களுக்குப் பணம் கொடுத்து அறுவை செய்தது. நெருக்கடி நிலைக் காலக் கட்டாய அறுவைக்குப் பின் ஆண்களிடம் கை வைக்க எந்த அரசும் துணியவில்லை. சுமை முழுக்கப் பெண்கள் வயிற்றுக்கு வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்களுக்கான அறுவைதான் சுலபமானது, அன்றே வீட்டுக்குப் போகலாம். அதே ஆய்வில் சிசேரியன் நூற்றுக்கு 45 அளவில். மருத்துவச்சி காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு.

எச்.ஐ.வி. முதலில் சென்னையில்தான் வந்ததா?

வந்தது என்று சொல்லக் கூடாது, கண்டுபிடித்தது சென்னையில். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் யோசனை சொல்ல, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த விஜிலென்ஸ் ஹோமுக்குக் கணவரின் ஸ்கூட்டரில் போய் வந்தார். கையுறை இல்லை, தனி லேப் இல்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது அப்படித்தான். அந்த இரண்டு பெண்களின் துணிச்சலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சுனிதி சாலமன் பிறகு 2015ல் இறக்கும் வரை, மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளைப் பார்த்தார்.

ஆனால் ரத்தம் கொடுத்த பெண்கள்? அடைக்கப்பட்டிருந்தவர்கள், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவர்கள். அந்த ஆறு பேருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. செய்தி வெளியானதும் ஊர் விரல் நீட்டியது அவர்களை நோக்கித்தான். அவர்களிடம் போன ஆண்களை நோக்கி இல்லை. 1868 போலவேதான்.

பெண்கள் வரலாறு என்று சொல்லிவிட்டுத் திருநங்கைகளைப் பற்றியும் பேசுகிறீர்களே?

யார் தொடலாம் என்பதுதானே பேச்சு. திருநங்கைகளிடம் இரண்டு சொற்கள் உண்டு: "தாயம்மா கை", "டாக்டர் கை". நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் பாலறுவையை மூத்த திருநங்கை செய்தால் தாயம்மா கை, ஆஸ்பத்திரியில் செய்தால் டாக்டர் கை. மருத்துவச்சியும் லேடி டாக்டரும் போலவே இன்னொரு இணை. டாக்டர்கள் பல காலம் தயங்கினார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் ஆண்மை நீக்குவதைக் கொடுங்காயமாக வைத்திருந்தது. தாயம்மா கையில் பிழைத்தவர்களும் உண்டு, ரத்தம் போய்ச் செத்தவர்களும் உண்டு. 2008ல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கத்திலும் கட்டணமில்லாமல் அறுவை செய்துகொள்ள வழி பிறந்தது.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்று உடனே வகைப்படுத்த முடியாத உடலோடு பிறக்கும் குழந்தைகளை, ஊடுபால் குழந்தைகளை, பெற்றோரின் பதற்றத்துக்காக வெட்டித் திருத்தும் வழக்கம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உயிருக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில் கூடாது என்று அதே ஆண்டு தமிழக அரசு ஆணையிட்டது. 2021 ஜூனில் இன்னொரு வழக்கில், ஒருபாலீர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று கிளம்பும் சிகிச்சைக்கு நீதிமன்றம் தடை போட்டது. கேட்காமல் தொடாதே என்பது இந்த ஊர்ச் சட்டத்தில் ஏற இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆண்கள் வரலாமா? குழந்தைகள்?

தாராளமாக. பத்து வயதுக்கு மேல் என்றால் வசதி. சில விஷயங்களை விளக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குள் போவோமா? படம் எடுக்கலாமா?

உள்ளே போவதில்லை. வாசலில் ஓரமாக நின்று பேசுவோம். கட்டடத்தைப் படம் எடுக்கலாம், ஆட்களை வேண்டாம். ஒருமுறை கோஷா வாசலில் ஒரு தம்பி போனைத் தூக்கிய அதே நேரம் 108 வந்து நின்றது. இறங்கிய பெண் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள். தம்பி போனைப் பையில் போட்டுவிட்டு வழிவிட்டு நின்றார்.

ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். தண்ணீர் கொண்டுவாருங்கள், நடக்க வசதியான செருப்பு போடுங்கள். வருவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு வந்தால் நல்லது: உங்கள் பாட்டிக்கு யார் பிரசவம் பார்த்தார்கள்? பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினோரு பெயர் கிடைத்திருக்கிறது.